பேதுருவின் அரைக் கட்டைவிரல்

கொரட்டூர்
3.1.2024

அன்புள்ள விஜிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கர்த்தர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. மலைக் குளிரில் உன் தும்மல் எப்படி இருக்கிறது?

முதலில் என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உன் அம்மா கண்ணும் மூக்கும் வைத்து எழுதிவிடுவாள். புத்தாண்டுக் காலை ஆராதனையில் வழக்கம்போல அந்த வருஷத்துக்கான வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைக் கூடை வந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்து எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். என் முறை வந்தபோதுதான் கண்ணாடியை வீட்டில் விட்டது தெரிந்தது. எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. படம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பெரிய அருவி, கீழே ஆறு. சரி, தண்ணீரைக் கடக்கும்போது கூடவே இருப்பேன் என்கிற வசனம்தான் என்று முடிவுகட்டி, தொண்டையைச் செருமி முழுசாகச் சொல்லிவிட்டேன். பாஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சகோதரர் ஒற்றுமையாக இருப்பது எவ்வளவு நல்லது என்று இருந்ததாம். சபையே சிரித்தது. உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வசனத்துக்கு அருவி எதற்கு? நீ படம் போடும் பள்ளிக்குப் போயிருக்கிறாயே, கேட்டுச் சொல். படத்தை நம்பினேன், அது காலை வாரிவிட்டது.

போனை வாங்கிப் பூட்டி வைக்கும் பயிற்சி மையம் இந்தக் காலத்தில் இருக்கிறது என்று நான் காவல் வேலை பார்க்கும் முகப்பேர் அடுக்குமாடியில் சொன்னால் யாரும் நம்பவில்லை. எட்டாம் வகுப்போடு கீழே வைத்த பேனாவை உனக்காக எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

உன் அப்பா
தங்கராஜ்


ஜவ்வாது மலை
22.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆறு பேர் சேர்ந்து படித்துச் சிரித்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள். தும்மல் காலையில் மட்டும்தான். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுகிறீர்களா, அல்லது அம்மாவிடம் தடவியதாகச் சொல்கிறீர்களா?

அருவி விஷயத்தை அனுசுயா அக்காவிடம் கேட்டேன். அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுப்பவர். "அச்சகத்தில் அருவிப் படம் இருந்திருக்கும், வசனம் வேறு இடத்தில் இருந்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது" என்றார். இங்கே அதற்கு நேர்மாறு. முதலில் எழுத்தே இல்லாமல் படத்தை வரைவோம். எழுதப் படிக்கத் தெரியாத மூன்று பேரிடமாவது காட்டி என்ன தெரிகிறது என்று கேட்போம். படம் சொல்லிவிட்டதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. படத்தால் முடியாததை மட்டும் அட்டையின் பின்பக்கம் எழுத வேண்டும். மே மாதம் சர்ச்சுகள் பிள்ளைகளுக்கு நடத்தும் விடுமுறைப் பள்ளிகளுக்குப் போகும் கதை அட்டைகள் இப்படித்தான் தயாராகின்றன.

இரண்டு படம் வைத்திருக்கிறேன். வாசலில் காவல் உட்காரும்போது வருகிறவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள்.

உங்கள் மகள்
விஜி


கொரட்டூர்
9.2.2024

அன்புள்ள விஜிக்கு,

நலம். எண்ணெய் தடவினேன். சத்தியம் கேட்காதே.

நீ கொடுத்த வேலையால் எனக்கு வாசலில் மரியாதை கூடிவிட்டது. விதை தூவுகிறவன் படத்தை இஸ்திரி வண்டி வரதனிடம் காட்டினேன். "இன்னா அண்ணாத்தே, இந்த ஆளு புறாவுக்குப் பொட்டுக்கடலை போட்டுகினு கீறான்?" என்றான். ஆட்டைத் தோளில் தூக்கி வருகிற மேய்ப்பன் படத்தைப் பார்த்த பால்காரர், "ஆட்டைத் திருடிகினு போறான். மூஞ்சில சந்தோசத்தைப் பாரு" என்றார்.

பாடியில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது உன் பெரியம்மாவிடமும் காட்டினேன். கெங்கம்மாள் அண்ணிக்குக் கையெழுத்துகூட வராது என்று உனக்குத் தெரியும். படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். "ஆட்டுக்குப் பின்னங்கால்ல அடி. அதான் நடக்க உடாம தூக்கிகினு வர்றான்" என்றார். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஆமாம், குளம்புக்கு மேலே சின்னதாக ரத்தம் வரைந்திருக்கிறாய். எனக்கு அது ஓர் ஆடு என்று மட்டும்தான் தெரிந்திருந்தது.

அண்ணனும் இருந்தார். "பொண்ணு இன்னா படிக்குது?" என்று கேட்டார். டிராயிங் டீச்சர் டிரெயினிங் என்றேன். நீயும் அம்மாவும் சர்ச்சுக்குப் போவது அவருக்குத் தெரிந்ததுதான். நானும் போகிற விஷயம்தான் அவருக்குத் தெரியாமல் இன்னும் ஞாயிற்றுக்கிழமை டூட்டி என்கிற கணக்கில் ஓடுகிறது. பதினோரு வருஷமாக வேதாகமம் டிபன் பையில்தான் போய் வருகிறது. அதில் சாம்பார் வாசனைகூட வந்துவிட்டது.

அப்பா


ஜவ்வாது மலை
26.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமே. அம்மா கொடுத்த ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. பொட்டுக்கடலையைக் கேட்டு அனுசுயா அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விதைக்காரனைத் திரும்ப வரைகிறேன். பெரியம்மாவை இங்கேயே கூட்டி வந்துவிடச் சொன்னார்.

எனக்கு இப்போது கொடுத்திருப்பது கஷ்டமான படம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அவருடைய சீடன், மீன் பிடிக்கிற பேதுரு, முற்றத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் வெளியே போய் அழுகிறானே, அது. வரைந்து காட்டினால், மலைக்காரர்கள் "குளிர் காயறாரு" என்கிறார்கள். சரிதான். ஒரு மனுஷன் இல்லை என்று சொல்வதை எப்படி வரைவது? அது எழுத்தில்தான் வரும். ஆனால் என்ன எழுத? பேதுரு கதையைச் சொன்னால் பிள்ளைகள் அது யாரோ வெளியூர்க்காரன் கதை என்று கேட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

அப்பா, உங்களுக்கு எப்போதாவது அந்த மாதிரி நடந்திருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

படத்தின் நகல் வைத்திருக்கிறேன்.

விஜி


கொரட்டூர்
15.3.2024

அன்புள்ள விஜிக்கு,

நாங்கள் சுகம். இங்கே வெயில் இப்போதே ஆளைத் தின்கிறது. உனக்குக் குளிர், எங்களுக்கு இது. பாதிப் பாதி பிரித்துக்கொள்ள வழியில்லை.

படம் வந்தது. பேதுருவுக்கு என் மூக்கை வைத்திருக்கிறாய். உன் அம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். நல்லவேளை, கையைப் போர்வைக்குள் விட்டாய். பிரஸ் மெஷின் தின்ற என் அரைக் கட்டைவிரலையும் வரைந்திருந்தால், பேதுருவை மீன் பிடிக்க விடாமல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீ சும்மா கேட்டாய். நான் இரண்டு வாரம் யோசித்தேன். நடந்திருக்கிறது. சொல்கிறேன், சிரிக்காதே. இல்லை, சிரி.

உன் ஆயா, அதாவது என் ஆத்தா, செத்த அன்று. எங்கள் பக்கம் அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். நான் இளையவன். ஆறு மாதம் முன்னால்தான் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருந்தேன். அண்ணன் காதுக்கு யாரோ சேதி கொண்டுபோய்விட்டார்கள். பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போது என்னைத் தள்ளிக்கொண்டு போய், "டேய், நீ அந்தப் பக்கம் முழுக்குப் போட்டுட்டியாமே, மெய்யா? மெய்யின்னா சொல்லிடு, நான் வெச்சிடறேன். ஆத்தா காரியம்டா" என்றார். இல்லண்ணே என்றேன். ஒன்று.

அப்புறம் கோவிந்தராஜ் மாமா கேட்டார். அவருக்கும் அந்த மாதிரியே ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இரண்டு.

சுடுகாட்டில் கொள்ளிச்சட்டியைக் கையில் கொடுக்கிறபோது அண்ணன் இன்னொரு தரம் முகத்தைப் பார்த்தார். "இல்லதானே?" என்றார். இல்லண்ணே. மூன்று. அந்த நேரம் பார்த்து பாடி கம்பெனிச் சங்கு ஊதியது. எல்லோருக்கும் அது ஷிப்ட் சங்கு. எனக்கு மட்டும் சேவல். நெருப்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இது உனக்கும் எனக்கும் நடுவில்.

அப்பா


ஜவ்வாது மலை
12.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. அட்டைகள் அச்சுக்குப் போகும் நேரம், அதனால் அதிகம் எழுத முடியவில்லை. விதைக்காரன் நன்றாக வந்திருக்கிறான். இங்கே பலா காய்த்திருக்கிறது. அம்மாவின் சர்க்கரை அளவை எழுதச் சொல்லுங்கள்.

விஜி


கொரட்டூர்
24.5.2024

விஜிக்கு,

அம்மா நலம். சர்க்கரை 160.

பாடியில் விடுமுறைப் பள்ளி நடந்தது. பாட்டும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் போகும். அண்ணன் பேத்தி யுவராணியும் போயிருக்கிறது. கடைசி நாள் ஆளுக்கு ஒரு கட்டு கதை அட்டை கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். டூட்டி முடித்து, அதாவது எந்த டூட்டி என்று உனக்குத் தெரியும், நேரே போனேன். நாற்காலி போட்டிருந்தது. முன்னால் ஸ்டூலில் அட்டை. நெருப்பின் மேல் நீட்டிய இரண்டு கை. இடது கையில் பாதிக் கட்டைவிரல் இல்லை.

"வாசிடா" என்றார் அண்ணன்.

"இன்னாண்ணே இது?"

"கண்ணாடி கீதா? போட்டுகினு வாசி. சத்தமா."

இந்தத் தடவை கண்ணாடி இருந்தது விஜி. வாசித்தேன். "இது பழைய கதை மட்டும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர், தன் தாயின் சாவு வீட்டில், 'நீ அவர்களோடு சேர்ந்துவிட்டாயா' என்று அண்ணன் கேட்டபோது மூன்று முறை இல்லை என்றார். அப்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவர் வெளியே போய் மனம் கசந்து அழுதார்." நீ எழுதினது. உனக்குத் தெரிந்ததுதான்.

யுவராணி என் கையையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. "நான்தான் தாத்தா மொதல்ல கண்டுபுட்ச்சேன்" என்று பெருமையாகச் சொன்னது. அதை யாரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் கத்தவில்லை. "ஆத்தாவுக்கு நான் வெச்சிருப்பேனே தங்கராஜி. கேட்டேனே. ஒரு தபா இல்ல, ரெண்டு தபா கேட்டேனே. பதினோரு வருசம் என் எலைக்கு எதுத்தாப்ல உக்காந்து துன்னியே" என்றார். அப்புறம், "இனிமே இந்த ஊட்டுப் பக்கம் வராத" என்றார். நான் வந்துவிட்டேன். பேருந்துக்குக்கூட நிற்காமல் கொரட்டூர் வரைக்கும் நடந்தேன். முழங்கால் முனகவில்லை. அதற்கும் கோபம் போல.

படம் மட்டும் இருந்தால் எவனோ ஒரு மூக்குக்காரன். எழுத்து மட்டும் இருந்தால் எவனோ ஒரு கோழை. இரண்டையும் ஒன்றாக வைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கத்தான் அந்த மையத்தில் கற்றுக்கொடுக்கிறார்களா? கிழித்துப் போடச் சொன்னேனே.

தங்கராஜ்


ஜவ்வாது மலை
30.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நான்கு தரம் பதில் எழுதிக் கசக்கிப் போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கை போர்வைக்குள் இருந்தால் குளிர் காய்கிறார் என்பதே தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எனக்குக் கை வரைந்தால் உங்கள் கைதான் வரும் அப்பா. சின்ன வயதிலிருந்து பார்த்த கை அதுதான். பின்பக்க எழுத்தை எழுத்துக் குழு முடிவு செய்தது. உண்மைக் கதை ஒன்று வேண்டும் என்றார்கள். பெயர் போடவில்லையே என்று நினைத்துவிட்டேன். அட்டைகள் பாடிக்குப் போகும் என்று தெரியாது.

அடுத்த அச்சு டிசம்பரில் வரும். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன். பெரியப்பாவுக்கு நானே எழுதட்டுமா?

விஜி


கொரட்டூர்
19.7.2024

விஜிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். மழை ஒரு நாள் பெய்தது. பெரியப்பாவுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். எழுதினவரைக்கும் போதும்.

உன் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பதினோரு வருஷம் தன்னிடம் சொல்லாததை மகளுக்கு மட்டும் எழுதினேன் என்று கோபம். ஒரே அட்டையால் எத்தனை பேருக்குக் கோபம்!

போன வாரம் கெங்கம்மாள் அண்ணி மார்க்கெட்டில் என்னைப் பார்த்தார். அண்ணனுக்குத் தெரியாமல்தான் பேசினார். சுருக்குப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். கையோடு வைத்திருக்கிறார். எழுத்துப் பக்கத்தைத் திருப்பவே இல்லை, படத்தை நீட்டி, "எல்லாரும் உன் கையவே பாத்துகினு கீறீங்கோ. இந்தத் தூணு பின்னாடி ஒரு பொண்ணு நிக்குதே, அது யாரு? நம்ம விஜி மாதிரி கீது" என்றார்.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இருட்டில் பாதி முகம். எனக்கு அனுப்பிய நகலில் அது இல்லை. எழுத்திலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேதுருவை அடையாளம் சொன்ன வேலைக்காரப் பெண் என்று அண்ணியிடம் சொன்னேன். "வேலைக்காரி இன்னாத்துக்கு அழுவுது?" என்றார்.

யார் அது? இதற்கு மட்டும் பதில் எழுது. குழு எழுத வேண்டாம், நீ எழுது.

அப்பா


ஜவ்வாது மலை
11.8.2024

அப்பா,

எழுத்துக் குழு என்று ஒன்று கிடையாது. நான் எழுதினது பொய். பின்பக்கம் முழுவதும் நான்தான் எழுதினேன். அட்டைகள் கொரட்டூர், பாடி, அம்பத்தூர் எல்லாம் போகும் என்று பட்டியல் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தேன்.

அந்தப் பெண் நான்தான்.

எனக்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயது. குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுபோகச் சொன்னார்கள். குடத்தோடு பந்தல் கால் பின்னால் நின்றேன். கோவிந்தராஜ் தாத்தா உங்களைக் கேட்டார். நீங்கள் மார்ச்சில் எனக்கு எழுதும்போது முதலாவதை வார்த்தைக்கு வார்த்தை எழுதினீர்கள், மூன்றாவதையும் எழுதினீர்கள். இரண்டாவதை மட்டும் "ஏதோ சொல்லிச் சமாளித்தேன்" என்று விட்டுவிட்டீர்கள். நான் விடவில்லை அப்பா. நீங்கள் சொன்னது இது: "அதெல்லாம் ஆத்தாளும் பொண்ணும் புட்ச்சிகினு கீற பைத்தியம் மாமா. நான் வாசல்ல செருப்புக்குக் காவல் நிப்பேன், அவ்ளோதான்." எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் அப்படிச் சிரித்தார்கள்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் நீங்கள் முழுக்கு எடுத்தபோது கரையில் துண்டோடு நின்றது நான். உங்கள் தலையைத் துவட்டியது நான். குனிந்து காட்டினீர்கள், நான் எட்ட வேண்டும் என்று.

நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேட்டேன். முழுசாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் போர்வையை அப்படியே விட்டிருப்பேன். யாரும் கேட்டு அல்ல, உங்கள் கடிதம் வந்த மறுநாள்தான் நானாகவே கையை வெளியே எடுத்தேன். தூணுக்குப் பின்னால் என்னை வரைந்தேன். அதைப் பற்றி எழுத்தில் ஒன்றும் போடவில்லை. நீங்களே பார்க்கிறீர்களா என்று பார்த்தேன். பெரியம்மாதான் பார்த்தார்.

நீங்கள் அழுதது மட்டும் எனக்குத் தெரியாது. அழுதிருப்பீர்கள் என்று நினைத்து எழுதினேன். கதையில் அப்படித்தானே வருகிறது.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

விஜி


கொரட்டூர்
22.9.2024

அன்புள்ள விஜிம்மாவுக்கு,

தும்மல் நின்றதா? பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முழங்கால் பழையபடி முனகத் தொடங்கிவிட்டது, அதாவது நான் நன்றாக இருக்கிறேன்.

உன் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை மறைத்து எழுதினால் அது நான்காவது பொய்யாகிவிடும். பிள்ளையிடம் கொடுத்த கடிதம் அண்ணன் வீட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்த வலி, பிரஸ் மெஷினில் விரல் போனபோதுகூட இல்லை. அங்கேயாவது மெஷின் என்னைத் தெரிந்து செய்யவில்லை. ஆனால் செருப்புக் காவலை நான் மறந்தே போயிருந்தேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. மறக்கவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. நீ அந்தப் பந்தல் கால் பின்னால் நின்றாய் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்னையும் அம்மாவையும் விற்று நான் சிரிப்பு வாங்கினேன். அதுவும் எனக்குத் துண்டு பிடித்த பிள்ளையை. மன்னித்துவிடு என்று எழுதினால் அட்டையில் அச்சடித்த மாதிரி இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை ஆயா திதி. வருஷா வருஷம் படையல் போடுவது நான், பக்கத்தில் நிற்பது அண்ணன். இந்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை. இருந்தாலும் போனேன். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றேன். நான்கைந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. பார், கடைசியில் அந்த வேலைக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

அண்ணி பார்த்துவிட்டார். "இன்னாத்துக்கு வாசல்ல நிக்கிற? உள்ள வா" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கற்பூரத்தை அணைய விட்டுத் திரும்பினார்.

"இன்னாடா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"இன்னா ஆமா?"

"அன்னிக்கு நீ கேட்டதுக்கு. முழுக்கு எடுத்துட்டேன். ஆத்தா போறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எடுத்துட்டேன்."

"அதான் அட்டையில போட்டுகீதே. நீ இப்போ எதுக்கு சொல்ற?"

"அட்டை சொல்லிச்சு. நான் சொல்லல இல்ல?"

அண்ணன் கற்பூரத் தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம், "படையல் நான் போட்டுட்டேன். நீ தொடாத" என்றார். சரிண்ணே என்றேன். அண்ணி தள்ளி, சுவர் ஓரமாக ஒரு இலை போட்டார். எதிரில் இல்லை, ஓரமாக. உட்கார்ந்தேன். சோறு வைக்கும்போது அண்ணி என் பக்கம் குனிந்து, "அந்தப் பொண்ணு யாருன்னு கேட்டேனே?" என்றார். விஜிதான் அண்ணி என்றேன். "தெரியும். உன் வாயால வருதான்னு பாத்தேன்" என்றார். நீயும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தீர்களா?

பாதிச் சாப்பாட்டில் அண்ணன் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல், தன் இலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அட்டையில, வெளியே போயி அழுதான்னு போட்டுகீதே. பொய் சொல்லி ஆத்தாவுக்கு நெருப்பு வெச்சதுக்கு அழுதியாடா?"

அண்ணி கரண்டியோடு நின்றார். யுவராணிகூட மெல்வதை நிறுத்திவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த வருஷம் என் இலை அண்ணனுக்கு எதிரில் விழுந்திருக்கும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அண்ணனே, "அழுதிருப்ப. உடு" என்று சொல்லி, ரசத்தை என் பக்கம் தள்ளினார்.

டிசம்பர் அச்சில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். கை அப்படியே இருக்கட்டும். இனிமேல் போர்வை போட்டு என்ன பிரயோஜனம்? தூணுக்குப் பின்னால் இருக்கிற பெண்ணைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுவா, கண்ணாடி இல்லாதவனுக்கும் தெரிகிற மாதிரி. பின்பக்கம் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு.

ஏன் என்று கேட்பாய். அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து நான் அழுதுகொண்டு வரவில்லை விஜி. என்னைப் பெற்றவளுக்கு என் கையால் நெருப்பு வைக்கக் கிடைத்ததே என்று, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, நிறைந்த மனசோடு வந்தேன். உன்னைப் பற்றிச் சொன்னதைத் தவிர மற்ற இரண்டையும் இன்னொரு தரம் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். பேதுருவுக்கும் எனக்கும் மூக்கும் கையும் ஒன்றாக இருக்கலாம், அந்த இடத்தில் நாங்கள் பிரிந்துவிடுகிறோம்.

"அழுதியாடா?" என்று அண்ணன் கேட்டபோது, சோற்றோடு சேர்த்து நான் விழுங்கியது இதுதான்:

இல்லண்ணே.